பிரதிவாதியின் சிறுநீரகம்

பொருத்தமான ஆள் கிடைத்துவிட்டார் என்று டாக்டர் ஜுலைகா சொன்னதும் பகவதி இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள். ஆள் யாரென்று சொன்னதும் அவள் கணவர் ஆவுடையப்பன் நாற்காலியை விட்டு எழுந்து செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

"உக்காருங்க சார்," என்றார் டாக்டர். "ரத்தம், திசு, வயசு, எல்லாம் ஒத்துப்போகுது. பாளையங்கோட்டை முழுக்கத் தேடியாச்சு. இவரை மாதிரி இன்னொருத்தர் இல்ல. அதுவும் உங்க பக்கத்து வீடு!"

"அதாம்மா வெனையே. அந்த ஆளு மேல நான் கேஸ் போட்டிருக்கேன். பதினாலு வருஷமா நடக்கு."

இரண்டு வீட்டுக்கும் நடுவில் மூன்றடி அகலத்தில் ஒரு சந்து, ஊர்ப் பேச்சில் முடுக்கு. அது தன்னுடையது என்று வாதி ஆவுடையப்பன் சொன்னார். தன்னுடையது என்று பிரதிவாதி தங்கையா சொன்னார். நாற்பது வருடம் சர்வேயராக இருந்து ஊரான் நிலத்தையெல்லாம் அளந்து கொடுத்த ஆவுடையப்பனுக்குத் தன் வீட்டு முடுக்கை அளந்து நிரூபிக்க முடியவில்லை. பாத்திரம் கழுவ அவர் அங்கே போட்ட ஒரு கல்லில் ஆரம்பித்த சண்டை. மூன்று நீதிபதிகள் மாறிவிட்டார்கள். நான்காவது நீதிபதி காலத்தில் ஆவுடையப்பனின் இரண்டு சிறுநீரகங்களும் வேலைநிறுத்தம் செய்துவிட்டன.

நான்கு வருடமாக வாரம் மூன்று முறை ஆஸ்பத்திரி டயாலிசிஸ். இப்போது அதற்கும் இடைஞ்சல். எந்திரம் இழுக்கிற வேகத்தை அவர் இதயம் தாங்கவில்லை. இரண்டு முறை படுக்கையிலேயே நினைவு தப்பியது. இப்படியே போனால் ஆறு மாதம் என்று டாக்டர் பகவதியைத் தனியாக அழைத்துச் சொல்லியிருந்தார். மிச்சமிருந்த வழி, அந்த 2042ஆம் வருடத்தில் புதிதாக வந்திருந்த சோடிப் பெட்டி. நோயாளியையும் நல்ல சிறுநீரகம் உள்ள ஒருவரையும் குழாயால் இணைக்கிற பெட்டி. அதற்கு நீளமான மருத்துவப் பெயர் ஒன்று உண்டு. திருநெல்வேலியில் யாரும் அதைச் சொன்னதில்லை.

"ரெண்டு பேரு ரத்தமும் ஒண்ணாக் கலந்துருமோ?" என்று பகவதி கேட்டாள்.

"கலக்காதும்மா. நடுவுல ஒரு சவ்வு, வெங்காயத் தோலை விட மெல்லிசு. இவர் ரத்தத்துல இருக்கிற கழிவும் மிஞ்சின தண்ணியும் மட்டும் அந்தப் பக்கம் கசியும். அவரோட கிட்னி அதைத் தன்னோடதுன்னு நினைச்சு வெளியே தள்ளிடும். உயிருள்ள கிட்னிங்கிறதால மெதுவா, பதமா செய்யும். இதயத்துக்கு அலட்டல் இல்ல. வீட்டு ஹாலிலேயே உட்கார்ந்து பண்ணிக்கலாம்."

"எதிராளியோடதுன்னு அதுக்குத் தெரியாதோ?"

"கிட்னிக்கு வழக்கு, வியாச்சியம் எல்லாம் தெரியாதும்மா."

"அப்பம் நானே உக்காந்துட்டுப் போறேன். எதுக்கு ஊர்ல உள்ளவுக காலைப் பிடிக்கணும்?"

டாக்டர் ஜுலைகா பேனாவை மூடி வைத்தார். "முதல்ல இருபத்து மூணு பேருக்கு இதை வெச்சுப் பார்த்தோம். பக்கத்துல வந்து உட்கார்ந்தவங்கள்ல இருபத்தோரு பேர் மனைவி, அம்மா, தங்கச்சி. ஒருத்தரும் கால் கடுத்தாச் சொல்லல. தலை சுத்தினாச் சொல்லல. காய்ச்சலோட வந்து உட்கார்ந்தவங்க உண்டு. ஏழு பேர் கிட்னி கெட்டதுக்கு அப்புறம்தான் எங்களுக்கே விஷயம் தெரிஞ்சது. அதனால வீட்டு ஆளுங்க கூடாதுன்னு விதி போட்டுட்டேன். முடியாதுன்னு சொல்லத் தெரிஞ்சவங்கதான் எனக்கு வேணும்."

"அப்பம் அவரு சரியான ஆளுதான்," என்றாள் பகவதி.

"அந்த ஆளு இதுக்குச் சம்மதிக்கவே மாட்டான்," என்றார் ஆவுடையப்பன். அதில் அவருக்குக் கொஞ்சம் நிம்மதி இருந்தது போலத் தெரிந்தது.

மறுநாள் காலை பகவதி, கணவருக்குச் சொல்லாமல், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். தங்கையா அரசு பஸ்ஸில் முப்பத்தோரு வருடம் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்தவர். டிக்கெட் இல்லாதவனை முழங்கையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார் என்று பெயர். மனைவி இறந்து மூன்று வருடம், மகள் தூத்துக்குடியில். ஓய்வு பெற்றபோது செய்த உடல் பரிசோதனையில், கொடுத்த படிவத்தைப் படித்துப் பார்க்காமல் எல்லாக் கட்டத்திலும் டிக் அடித்ததால்தான் அவர் பெயர் உறுப்பு தருவோர் பதிவேட்டில் ஏறியிருந்தது. முப்பத்தோரு வருடம் டிக்கெட்டில் கோடு போட்ட கை.

பகவதி அழாமல் விஷயத்தைச் சொன்னாள். தங்கையா முற்றத்தையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"ஆறு மாசம்னு சொல்லுதாங்களோ?"

"ஆமா."

"கேஸ் முடிய ஒரு வருஷமாவது ஆகும்னு என் வக்கீல் சொல்லுதாரு. நடுவுல உங்க வீட்டுக்காரரு போயிட்டாருன்னா?"

பகவதி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"உங்க மகன் வருவான். நல்ல பையன், சண்டை தெரியாது. 'மாமா, எங்களுக்கு வேண்டாம், நீங்களே வெச்சுக்கிடுங்க'ன்னு ஒரு கையெழுத்தப் போட்டுட்டுப் போயிருவான். பதினாலு வருஷம் கோர்ட்டு வாசப்படி ஏறி எறங்கினது எனக்குத் தீர்ப்பு வாங்கத்தானே? பிச்சை வாங்கவா?" தங்கையா எழுந்துகொண்டார். "தீர்ப்பு வார வரைக்கும் அந்த மனுசன் உயிரோட இருக்கணும். எப்பம் வந்து உக்காரணும்னு கேட்டுச் சொல்லுங்க."

திங்கள், புதன், வெள்ளி. காலை பத்து மணி. நான்கு மணி நேரம். சோடிப் பெட்டி அரிசி டப்பா அளவுக்கு இருந்தது. இருவர் தோளிலும் சட்டைப் பித்தான் மாதிரி ஒரு மூடியை டாக்டர் பொருத்தியிருந்தார். குழாயை அதில் சொருகினால் போதும். ஆனால் குழாயின் நீளம் ஒன்றரை முழம்தான். அதற்கு மேல் போனால் ரத்தம் ஆறிவிடுமாம். ஆகவே, பதினான்கு வருடம் முகம் பார்க்காத இரண்டு பேர், கல்யாண வீட்டு மாப்பிள்ளை பெண் மாதிரித் தோளோடு தோள் ஒட்டி உட்கார வேண்டியதாயிற்று. முதல் நாள் தங்கையா தினசரியை விரித்து நடுவில் திரையாகப் பிடித்துக்கொண்டார். நான்கு மணி நேரம் ஒரே பக்கம். இந்தப் பக்கம் இருந்த வரி விளம்பரங்களையெல்லாம் ஆவுடையப்பன் மனப்பாடம் செய்துவிட்டார்.

ஆனாலும் உடம்பு தெளிந்தது. இரண்டு வாரத்தில் ஆவுடையப்பனின் முக வீக்கம் வற்றி, பழைய மூக்கு வெளியே வந்தது. மூக்கோடு பழைய குணமும் வந்தது.

ஒரு புதன்கிழமை அவருக்கு ஓர் எண்ணம் தோன்றியது. தான் தின்பதன் கழிவு எல்லாம் தங்கையாவுக்குத்தானே போகிறது? அப்படியென்றால் இனி எதற்குப் பத்தியம்? வெள்ளிக்கிழமை காலை, பகவதி குளிக்கப் போன நேரத்தில், ஒளித்து வைத்திருந்த நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலத்தை முழுக்கத் தின்றார். மேலே இரண்டு மாம்பழம், ஒரு சொம்பு இளநீர். அவர் வியாதிக்கு விஷம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த பட்டியலின் முதல் மூன்று வரிகள்.

பதினொன்றரைக்குத் தங்கையாவின் கால்கள் துவள ஆரம்பித்தன. நாக்கு வறண்டது. அவர் தினசரியை மடித்து வைத்துவிட்டு முதன்முறையாகப் பக்கத்தில் திரும்பினார். பஸ்ஸில் கடைசி சீட்டைப் பார்க்கிற பார்வை.

"நேந்திரங்காய் சிப்ஸ்," என்றார்.

"என்னது?"

"வாயத் தொறவும்வே, பாப்போம். எத்தனை தின்னீரு?"

"என் வீட்டுல நான் என்னமும் திம்பேன். நீரு யாரு கேக்க?"

"நான் யாரா? உம்ம மூத்திரத்த நான் போயிட்டு இருக்கேன்வே!"

சமையலறையில் பகவதிக்குக் கையிலிருந்த கரண்டி நழுவியது. பதினான்கு வருடத்தில் அவர்கள் நேருக்கு நேர் பேசிக்கொண்ட முதல் வார்த்தைகள் இவைதாம்.

தங்கையா சும்மா இருக்கிறவர் இல்லை. கழிவு இந்தப் பக்கம் வருமென்றால், தான் குடிப்பது அந்தப் பக்கம் போகாதா? திங்கட்கிழமை நான்கு டம்ளர் டிகாக்‌ஷன் காப்பியைக் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். ஆவுடையப்பனுக்கு நெஞ்சு படபடத்தது, கை நடுங்கியது, இரண்டு நாள் பொட்டுத் தூக்கம் இல்லை. புதன்கிழமை ஆவுடையப்பன் பதிலுக்கு உப்புக் கருவாடு தின்றார். வெள்ளிக்கிழமை அவருடைய வக்கீல் வீட்டுக்கு வருகிறார் என்று தெரிந்துகொண்ட தங்கையா, சளிக்கு ஒன்று போடுகிற மாத்திரையில் மூன்றைப் போட்டுக்கொண்டு வந்தார். வக்கீல் முக்கியமான சாட்சியத்தை விளக்கிக்கொண்டிருந்தபோது வாதி வாயைத் திறந்தபடி உறங்கிவிட்டார். மாத்திரை யாருக்கும் பாரபட்சம் காட்டவில்லை. பிரதிவாதியும் உறங்கினார். வாதியின் தலை பிரதிவாதியின் தோளில் சாய்ந்திருக்க, பிரதிவாதியின் கன்னம் வாதியின் வழுக்கையில் பதிந்திருக்க, இருவரும் ஒரே தாளத்தில் குறட்டை விட்டார்கள். பகவதி ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டாள். வக்கீல் தன் ஃபைலை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் போய்விட்டார்.

சோடிப் பெட்டி இதையெல்லாம் நிமிடத்துக்கு நிமிடம் டாக்டருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. இரண்டு மாதம் முடிந்ததும் டாக்டர் ஜுலைகா நேரில் வந்தார். இரண்டு பேரையும் எதிரே உட்கார வைத்து ஒரு வரைபடத்தைச் சுவரில் காட்டினார்.

"இந்த மேடு கருவாடு. இந்தப் பள்ளம் சளி மாத்திரை. இது என்னன்னு எனக்கே புரியல."

"பலாக்கொட்டை," என்றார் தங்கையா. "கூடவே முருங்கைக்கீரை."

டாக்டர் சிரிக்கவில்லை. "தங்கையா சார் கிட்னிக்கு முதல் நாள் நூத்துக்குத் தொண்ணூத்தாறு மார்க். இன்னிக்கு எழுபத்தொண்ணு. அறுபதுக்குக் கீழ போனா நானே பெட்டியைத் தூக்கிட்டுப் போயிடுவேன். அதுக்குக் கீழ போன கிட்னி திரும்பாது. அப்புறம் தங்கையா சாருக்கே ஒரு சோடி தேடணும்."

தங்கையா தன் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். அந்தக் கால் வீங்கியிருந்ததை ஆவுடையப்பன் அப்போதுதான் பார்த்தார். வேட்டிக்குக் கீழே கணுக்கால் உருண்டையாக, மினுமினுவென்று. அந்த வீக்கம் அவருக்குத் தெரிந்த வீக்கம். நான்கு வருடத்துக்கு முன்னால் தன் காலில் முதல்முதலாக வந்தது. விரலால் அழுத்தினால் குழி விழும். அன்றைக்கு அவர் அதைச் செருப்பு கடித்தது என்று நினைத்தார்.

"வலிக்கோ?" என்று கேட்டார்.

"வலிச்சா உமக்கு என்னவே?"

டாக்டர் போன பிறகு ஆவுடையப்பன் அலமாரிக்குப் பின்னாலிருந்து இரண்டு சிப்ஸ் பொட்டலத்தையும், அரிசிப் பானைக்குள்ளிருந்து ஊறுகாய்ப் பாட்டிலையும், சாமி படத்துக்குப் பின்னாலிருந்து பேரீச்சம்பழத்தையும் எடுத்துப் பகவதி முன்னால் வைத்தார்.

"சாமி படத்துக்குப் பொறத்தயுமா?" என்றாள் பகவதி.

"இனிமே உப்பு அரை ஸ்பூன். காய வேக வெச்சுத் தண்ணிய வடிச்சிரு. தண்ணி அளந்து தா."

பகவதி இடுப்பில் கைவைத்துக்கொண்டு கணவரைப் பார்த்தாள். "நாலு வருஷமாத் தலைபாடா அடிச்சுக்கிட்டேன். அழுதேன். உங்க மகன் போன்ல அழுதான். ஒரு கல் உப்பு கொறையல. இப்பம் அவுக கிட்னிக்குன்னதும் அளந்து கேக்கிய. நாங்க யாரு உங்களுக்கு?"

ஆவுடையப்பன் ஊறுகாய்ப் பாட்டிலின் மூடியை இறுக்கி மூடினார். "நீங்க எல்லாம் மன்னிச்சிருவிய," என்றார். "அந்த ஆளு மன்னிக்க மாட்டான். கோர்ட்டுல சொல்லுவான்."

மூன்று மாதத்தில் தங்கையாவின் மதிப்பெண் எண்பத்தெட்டுக்கு ஏறியது. ஆவுடையப்பன் ஒவ்வொரு வாரமும் டாக்டரிடம் அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டார், தன்னுடையதைக் கேட்கவில்லை. தங்கையாவும் காப்பியை ஒரு டம்ளராகக் குறைத்தார். தினசரி இப்போது மடித்தபடி மடியில் கிடந்தது. அவர்கள் பேசினார்கள். பேசியதெல்லாம் முடுக்கைப் பற்றித்தான். நான்கு மணி நேரம், வாரம் மூன்று நாள், எந்தக் கோர்ட்டும் கொடுக்காத அவகாசம். கிரயப் பத்திரங்களை மடியில் விரித்து வைத்துக்கொண்டு ஒருவர் வக்கீல் மாதிரி வாதாட, மற்றவர் குறுக்கு விசாரணை செய்வார். குரல் உயர்ந்தால் பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும். உடனே இருவரும் கப்பென்று வாயை மூடிக்கொண்டு, விளக்கு அணைந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்கள்.

மறுவருடம் ஆனி மாதம் தீர்ப்பு வந்தது. நீதிபதி திரையில் தோன்றி எட்டு நிமிடம் வாசித்தார். ஆவணங்களைப் பரிசீலித்ததில் வழக்குச் சொத்தான முடுக்கு வாதிக்கும் சொந்தமில்லை, பிரதிவாதிக்கும் சொந்தமில்லை, பொது வடிகால். வாதி தன் கழுவும் கல்லையும் பிரதிவாதி தன் தண்ணீர் மோட்டாரையும் பதினைந்து நாளில் அகற்ற வேண்டும்.

அடுத்த திங்கட்கிழமை பத்து மணிக்குத் தங்கையா வரவில்லை.

பஸ் நேரம் தவறினாலும் அவர் தவறியதில்லை. பத்தேகால் ஆயிற்று. பத்தே முக்கால் ஆயிற்று. பெட்டி பச்சை விளக்கோடு காத்திருந்தது. "நான் போய்க் கேட்டுட்டு வரட்டா?" என்றாள் பகவதி. "நீ சும்மா இரு," என்று சொல்லிவிட்டு ஆவுடையப்பன் சட்டையைப் போட்டார். பக்கத்து வீட்டுப் படியில் அவர் கால் வைத்தது பதினான்கு வருடத்தில் அன்றுதான். நான்கே படி. ஏறியதும் மூச்சு வாங்கியது.

தங்கையா பனியனோடு தரையில் உட்கார்ந்து, வழக்குக் கட்டுகளைச் சணல் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எல்லாம் முடிஞ்சி போச்சுவே," என்றார். "காலைல எந்திரிச்சு எதுக்குப் பல்லு தேய்க்கணும்னே தெரியல. தோத்திருந்தாக்கூட அப்பீல் போடலாம். இது என்னது? சாக்கடைன்னு சொல்லிட்டாரே!"

ஆவுடையப்பன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "உம்மகிட்ட ஒண்ணு சொல்லத்தான் வந்தேன். நீரு இனிமே வர வேண்டாம்."

தங்கையாவின் கை நின்றது.

"தீர்ப்பு வரைக்கும்னுதான வந்தீரு? வந்துட்டு. நான் ஆஸ்பத்திரி மெசினுக்கே போறேன். எத்தனை நாள் தாங்குதோ தாங்கட்டும். உம்ம கிட்னி எண்பத்தெட்டுல இருக்கு. அப்படியே பத்திரமா வெச்சுக்கிடும். உமக்கும் பேரப்பிள்ளை இருக்கு."

"யாரு சொன்னது?"

"எத?"

"நான் வர வேண்டாம்னு யாரு சொன்னது?"

"நான்தான் சொல்லுதேன்."

"நீரு யாருவே சொல்ல?" தங்கையா எழுந்துவிட்டார். "கிட்னி என்னோடது. வாரதும் வராததும் என் இஷ்டம். என் வீட்டுக்குள்ள ஏறி வந்து எனக்கே உத்தரவு போடுதீரா? பதினாலு வருஷமா இதே புத்திதானவே உமக்கு? அடுத்தவன் பொருள அளந்து கோடு போட்டுட்டுப் போறது!"

"நல்லதுக்குச் சொன்னா..."

"உம்ம நல்லது எனக்கு வேண்டாம்." ஆணியில் தொங்கிய சட்டையை உருவி உட்புறம் வெளியே தெரிய மாட்டிக்கொண்டு, அதைக் கழற்றித் திரும்பவும் மாட்டினார். "நடவும். இப்பமே ஒரு மணி நேரம் லேட்டு. ஏன் படி ஏறி வந்தீரு? நெஞ்சு அடிக்கது இங்ஙன கேக்கு. மெதுவா எறங்கும். கையப் பிடியும்வே, சவத்த, விழுந்து தொலைச்சா யாரு பதில் சொல்லுதது?"

பகவதி வாசலில் நின்று பார்த்தாள். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு, உரக்கச் சண்டை போட்டுக்கொண்டே, நான்கு படி இறங்கி வந்தார்கள்.

அந்த வருட இறுதியில் டாக்டர் ஜுலைகா, சோடிப் பெட்டி வைத்திருந்த நூற்றுப் பத்துப் பேருடைய விவரங்களை எடுத்துப் பார்த்தார். நண்பர்கள், கோயில் குழுக்காரர்கள், கூட வேலை பார்த்தவர்கள், முன்பின் தெரியாத புண்ணியவான்கள் என்று பலர் சிறுநீரகம் கொடுத்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய நோயாளிகள் எல்லோருமே சாப்பாட்டில் ஏமாற்றியிருந்தார்கள். எவ்வளவுக்கெவ்வளவு நல்ல மனிதர் பக்கத்தில் உட்கார்ந்தாரோ அவ்வளவுக்கவ்வளவு அதிகம் ஏமாற்றியிருந்தார்கள். ஒரே ஒரு சோடியின் கோடு மட்டும் பல மாதமாக ஸ்கேல் வைத்துப் போட்டது போல நேராகப் போனது.

டாக்டர் அதை இரண்டு பேரிடமும் காட்டினார்.

"அப்பம் நாங்க ராசியாப் போயிட்டா?" என்று ஆவுடையப்பன் கேட்டார்.

"போயிடாதீங்க," என்றார் டாக்டர். "மருந்து மாதிரி. நல்லாயிடுச்சுன்னு நிறுத்தக் கூடாது."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தங்கையா தொண்டையைக் கனைத்தார். "உங்க மொட்டைமாடித் தண்ணி எங்க சுவத்துல அடிக்கே, அது சம்பந்தமா..." என்று ஆரம்பித்தார். பச்சை விளக்கு சீராக எரிந்தது.

மறுமாதத்திலிருந்து, சோடிப் பெட்டிக்கு விண்ணப்பிக்கிறவர்களுக்குத் தரும் படிவத்தில் ஒரு கேள்வி கூடியிருந்தது: உங்கள் தெருவில் நீங்கள் முகம் கொடுத்துப் பேசாதவர் யாரேனும் உண்டா? இருந்தால் பெயர், முகவரி, காரணம்.

பதில் எழுத இரண்டு வரி இடம் விட்டிருந்தார்கள். முதல் வாரத்திலேயே தனித்தாள் இணைத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று.